உமி மூட்டை

சடையப்பனை நாற்காலியில் உட்காரவைத்து, தலை சாயாதபடி தாடையோடு சேர்த்துத் துணி கட்டிக்கொண்டிருந்தாள் பவளம். செத்தவரைச் சுற்றிக் குடும்பமே நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம். உத்திரமேரூருக்குச் சைக்கிளில் போன கொழுந்தன் எல்லப்பன் நனைந்துபோய்த் தனியாகத் திரும்பினான். ஸ்டுடியோக்காரர் கல்யாணப் படம் எடுக்க மதுராந்தகம் போய்விட்டாராம்.

ஏரி மதகு காக்கும் வேலையில் இருந்தவர் சடையப்பன். மாற்றலாகிப் போன இன்ஜினியர் கொடுத்த பழைய கேமராவில் நாரையும் கூழைக்கடாவுமாக எடுத்துத் தள்ளினார். அவருக்கென்று ஒரு படம் கிடையாது. பொழுது சாய்வதற்குள் தூக்கிவிடுவார்கள். அப்புறம் அந்த முகத்தை எங்கே போய்த் தேடுவது?

கேமராவையும் உமி மூட்டையையும் பவளமே கொண்டுவந்தாள்.

கடையில் விற்கும் கேமரா முக்காலி ஏரிச் சேற்றில் புதைந்துபோகும் என்று, அவருடைய காக்கி பேண்டின் ஒரு காலை வெட்டி அவள் தைத்துக் கொடுத்த மூட்டை அது. முதலில் நெல்லைக் கொட்டித்தான் தைத்தாள். ஐப்பசி மழையில் அது முளைவிட்டு, படம் பிடிக்கப் போனவர் நாற்றோடு வந்தாரென்று ஊரே சிரித்தது. அப்புறம்தான் உமி. கேமரா அதில் அமுங்கி உட்கார்ந்தால் இம்மியும் அசையாது.

அன்றும் மழைதான். கூடம் இருண்டு கிடந்தது, கரண்ட் இல்லை. பறவை மிரளும் என்று அவர் ஃபிளாஷ் வாங்கியதேயில்லை. பவளம் அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் மூட்டையை வைத்தாள்.

“இன்னா அண்ணி, புருஷன் பொணத்த பொஞ்சாதியே படம் புடிக்கறதா? ஊரு இன்னா சொல்லும்?” என்றாள் நாத்தனார் கோவிந்தம்மாள்.

“இந்த வெளிச்சத்துக்கு அஞ்சு எண்ற வரிக்கும் பட்டன வுடக்கூடாது. ஏரிக்கரையில அவருக்கு எண்ணிச் சொன்னவ நாந்தான். நீ போயி உங்கண்ணன் பக்கத்துல நில்லு. யாரும் ஆடாதீங்க.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். ஐந்தையும் எண்ணி முடித்துவிட்டுத்தான் அழுதாள்.

கருமாதி முடிந்த மறுநாள் எல்லப்பன் படத்தை வாங்கிவந்தான். விம்மியும் மூக்கைச் சிந்தியும் எல்லாரும் ஆடித் தொலைத்திருந்தார்கள். கோவிந்தம்மாள் வெறும் புகையாக இருந்தாள். எல்லப்பனுக்கு முகமே இல்லை.

“கெட்டுப்போச்சு அண்ணி.”

பவளம் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அத்தனை கலங்கலுக்கும் நடுவே சடையப்பன் மட்டும், மீசை முடியை எண்ணிவிடலாம் போலத் தெளிவாக உட்கார்ந்திருந்தார்.

“ஆணி எட்த்துக்கினு வா,” என்றாள்.