பெட்டிக்குள் அறுபது வரை

1

உலகக் கடல் வணிகத்தின் தலையெழுத்து ஜூஜுவாடியில் எழுதப்படுகிறது. எழுதுகிறவன் விமல்ராஜ், இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு. இதை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. கடல் முன்னூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதையும் ஒரு குறையாக நினைக்கவில்லை. பார்த்துவிட்டு எழுதுவது கணக்கெடுப்பு, பார்க்காமல் எழுதுவதுதான் கதை என்பது அவன் கட்சி.

கதை கிடைத்த விதத்தை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பெரியப்பா மகள் வினோதா, நெடுஞ்சாலையோரத்துக் காலிக் கன்டெய்னர் யார்டில் பெட்டிகளைச் சோதிப்பவள். விமல்ராஜ் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு மதியம், அவள் ஒரு பெட்டிக்குள் போய், கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லி, இருட்டில் நின்றாள்.

"உள்ள என்னாக்கா பண்ண?"

"கண்ண மூடிக்கினு அறுவது எண்ணுவன். அப்பறம் தெறந்து பாப்பன். ஓட்ட இருந்தா வெளிச்சம் நட்சத்திரமாட்டம் தெரியும்."

"சம்பளம் குடுத்துத் தூங்க வெக்கிறாங்களா? எங்க காலேஜ்ல இதுக்கு ஃபீஸ் வாங்கறாங்க."

2

முதல் தொடக்கம்: கிழக்குக் கடற்கரையில் அருகருகே அமைந்துள்ள இரு துறைமுகங்களை எடுத்துக்கொண்டால்

(கைவிடப்பட்டது. பாடப்புத்தக வாடை.)

இரண்டாம் தொடக்கம்: ஒரு துறைமுகம் கடலை ஆழமாகத் தோண்டினால் பக்கத்துத் துறைமுகம் இன்னும் ஆழமாகத் தோண்டும். ஒன்று கிரேன் வாங்கினால் மற்றது இரண்டு வாங்கும். பெரிய கப்பல் எங்கே நிற்கிறதோ, அங்கேயே சின்னக் கப்பல்களும் வந்து ஒட்டிக்கொள்ளும். கப்பல் வராத துறையில் நாரைகள் நிற்கும். (நாரைகளை விமல்ராஜ் பார்த்தது கெலவரப்பள்ளி அணையில். இருக்கட்டும்.)

ஜூஜுவாடியிலும் அதே கதைதான். வினோதாவின் மேலாளர் பரமசிவம் டிரைவர்களுக்கு டீ கொடுத்தார். எதிர் யார்டில் டீயோடு போண்டா கொடுத்தார்கள். இவர் போண்டாவுக்கு வந்து சேர்ந்தபோது அவர்கள் கட்டில் போட்டுவிட்டார்கள்.

இரண்டு யார்டிலும் பெட்டிகளை வைத்திருந்த கப்பல் கம்பெனி, ஆறு மணி நேரம் மிச்சம் என்று சொல்லி, போன வாரம் தன் கப்பலைப் பழைய துறைமுகத்திலிருந்து பக்கத்துத் துறைமுகத்துக்கு மாற்றியது. அதே கையோடு, இங்கேயும் ஒரு யார்டு போதும், சனிக்கிழமைக்குள் சரக்கேற்ற வரும் வண்டிகளுக்கு யார் வேகமாகக் காலிப் பெட்டி கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வேலை என்றது. எதிர் யார்டில் ஒரு பெட்டிக்கு நான்கு நிமிடம். இங்கே ஏழு.

அந்த மூன்று நிமிடம்தான் வினோதா.

3

இன்று சனிக்கிழமை. மத்தூர்ப் புளி வியாபாரி சரோஜம்மாளின் மூட்டைகளை ஏற்றப் பெட்டி கேட்டு ஒரு டிரெய்லர் வந்து நிற்கிறது. ஈரம் பட்டால் புளி மொத்தமும் பூஞ்சைதான். கேட்ட அளவில் யார்டில் மீதி இருப்பது ஒரே பெட்டி. எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளி டிரைவர் கன்னடத்தில் "பேகா, பேகா" என்று அவசரப்படுத்துகிறார்.

வினோதா உள்ளே போனாள். கதவு சாத்தியதும் நெடுஞ்சாலை இரைச்சல் மெலிந்து, எங்கோ கரையில் புரளும் தண்ணீரைப் போலக் கேட்டது. எத்தனையோ கடல்களில் மிதந்த இரும்பு. காலடியில் இன்னும் லேசாக அசைவது போலிருந்தது. அறுபது எண்ணிக் கண்ணைத் திறந்தாள். கூரையின் மூலையில் ஒரே ஒரு நட்சத்திரம்.

(இங்கே ஓர் உண்மை. முதல் வரைவில் அந்த நட்சத்திரம் கிடையாது. பத்தி வறண்டு கிடந்ததால் அழகுக்காக விமல்ராஜ் சேர்த்தான்.)

"ஓட்ட இருக்குதுங்க சார்."

பரமசிவம் பெட்டியைப் பார்க்கவில்லை. எதிர் யார்டைப் பார்த்தார். "ஊசி மொன இருக்குமா? அதுல எந்தக் கடலும்மா பூந்துடும்?"

"மழ பூந்துடும்."

"நீ இத வுடலன்னா வண்டி எதுர்ல போயிடும். அதோட இந்த யார்டு போச்சு. திங்கக்கெழம ஒனக்கும் வேல இல்ல, எனக்கும் இல்ல. கையெழுத்துப் போடும்மா."

பெட்டியில் ஓட்டை இல்லை என்று சான்று சொல்லும் தாளைப் பிடித்தபடி, நோட்டும் பேனாவுமாக நின்ற விமல்ராஜிடம் வினோதா திரும்பினாள். "டே, நீதான எழுதற? என்னாத்துக்குடா அத அங்க வெச்ச?"

4

விமல்ராஜ் அவசரமாக அந்த நட்சத்திர வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்தான். கூரையின் மூலையில் ஒரே

"எடுத்துட்டன்க்கா. போய்ப் பாரு."

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "இருக்குதுடா."

அடித்தால் போகிற அழகாக அது இல்லை. சரி, முடிவுகள்.

ஒரு முடிவில் அவள் கையெழுத்துப் போடுகிறாள். வழியெல்லாம் மழையே இல்லை. வேலை நிலைக்கிறது. அடுத்த வாரம் முப்பது வரைதான் எண்ணுகிறாள். அடுத்த மாதம் பத்து.

இன்னொன்றில் போடவில்லை. யார்டைப் பூட்டுகிறார்கள். எதிர் யார்டில் வேலைக்குச் சேர்கிறாள். அங்கே பெட்டிக் கதவை யாரும் சாத்துவதே இல்லை.

மூன்றாவதில் கப்பல் கம்பெனி மனம் மாறி

(விமல்ராஜுக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

"எதுனா ஒண்ண எழுதுடா. டிரைவர் வண்டியத் திருப்பறாரு."

"நீ பாத்தது ஓட்டதானாக்கா? துரு மின்னியிருக்கும்."

"நீயே போய்ப் பாரேன்."

பார்க்காமல் எழுதுவதுதான் கதை என்று சொல்ல வாயெடுத்தான். நோட்டையும் பேனாவையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் பெட்டிக்குள் ஏறினான்.

"சாத்துக்கா."

துருவும் உப்பும் கலந்த வாசனை. இருட்டு. விமல்ராஜ் கண்களை இறுக மூடிக்கொண்டான். ஒன்று. இரண்டு. மூன்று.

வெளியே வினோதாவின் கையில் தாள். கையெழுத்துக் கோடு காலி. எதிர் யார்டின் கேட் திறந்திருக்கிறது. உள்ளே அவன் பதினேழில் இருக்கிறான். இருட்டில் அவனால் எழுத முடியாது. பேனாவை வினோதாவிடமிருந்து நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் அறுபது வரை எண்ணிவிட்டு.