பச்சைப் பலகை

அந்த ஆபீஸ் மானேஜருக்குச் சிவப்பு ஆகாது. கண்டால் தும்முவார். ஒரு தடவை தக்காளி ஏற்றிய லாரி வாசலில் நின்றுவிட, மனுஷன் தும்மித் தும்மியே வீடு போய்ச் சேர்ந்தார். பார்த்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையோ ஊர் லிஃப்ட்டுகளைக் கண்காணிப்பது. ஒவ்வொரு லிஃப்ட்டிலும் ஒரு பெட்டி. அது அவ்வப்போது ஆபீஸில் உள்ள சர்வர் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு, "நல்லா இருக்கேன், வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினால் அந்த நிமிஷமே கூப்பிடும். பெட்டி வைத்ததும் சர்வரும் வைக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் சர்வர் வைத்தால், அடுத்த அழைப்பு வரும்வரை சுவரில் உள்ள பலகையில் அந்த லிஃப்ட்டின் விளக்கு சிவப்பாகிவிடும். மானேஜர் தும்முவார்.

சர்வரைப் பார்த்துக்கொண்டவன் ஒரு பஸ் கண்டக்டரின் தம்பி. அவன் என்ன செய்தான், சர்வர் புரோகிராமில், தன் பக்கம் ரிசீவரை வைக்கிற அந்த ஒரு வரியை எடுத்துவிட்டான். அந்தப் பக்கம் "வைக்கிறேன்" என்றால் சர்வர் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கும். பலகை கீரைப்பாத்தி மாதிரி பச்சைப் பசேல் என்று ஆனது. மானேஜர் மகிழ்ந்து அவனுக்குச் சுழல் நாற்காலி கொடுத்தார்.

சர்வருக்கும் கை இத்தனை என்று ஒரு கணக்கு உண்டல்லவா? போனவர்களின் ரிசீவரையே எல்லாக் கையிலும் பிடித்துக்கொண்டிருந்தால் புதிதாகக் கூப்பிடுகிறவரை எந்தக் கையால் எடுப்பது? அதற்கும் தம்பி வழி வைத்திருந்தான். தினமும் சாப்பாட்டு நேரத்தில் சர்வரை ஒருமுறை அணைத்துப் போடுவான். நிரம்புவதற்குள் குடத்தைக் கவிழ்ப்பது போல. வருஷக்கணக்காக இது யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு அண்ணன் வருவதாக இருந்தது.

அண்ணன் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் விசில் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. ஒருநாள் தூக்கத்தில் ஊதிவிட்டார், தெருமுனையில் டிரைவர் இல்லாமல் நின்ற பஸ் கிளம்பிவிட்டது. அண்ணன் மகள் கல்யாணத்தன்று சர்வர் படுத்துக்கொண்டது. அண்ணன் போன் மேல் போன் போட்டார். ஒவ்வொரு தடவையும் தம்பி, "இதோ கிளம்பிட்டேண்ணே" என்றான். பந்தி முடிந்து பந்தல் பிரிக்க வந்தவர்களிடம், ஒரு நாற்காலியை மட்டும் விட்டுவைக்கச் சொன்னாராம் அண்ணன். அன்றோடு பேச்சு நின்றது. தம்பிக்கும் போய் நிற்க முகம் இல்லை.

இப்போது அவராகவே போன் போட்டு, "மத்தியானம் உன் ஆபீசுக்கு வரேன். நேர்ல ஒண்ணு சொல்லணும்" என்றார்.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டு நேரம் வந்ததும் சர்வரை மறந்து பஸ் ஸ்டாப்புக்கு ஓடினான். வந்த பஸ்ஸிலெல்லாம் எட்டிப் பார்த்தான். அண்ணனைக் காணோம்.

தொங்கிய முகத்தோடு திரும்பினால் ஆபீசில் போன்கள் அலறின. எந்த லிஃப்ட்டில் பொத்தானை அமுக்கினாலும் கேட்பாரில்லையாம். சர்வரில் இருக்கும் இணைப்புகளின் பட்டியலைத் திறந்தான். உருட்ட உருட்ட அனுமார் வால். வரிக்கு வரி ஒரே பாட்டு: அந்தப் பக்கம் முடித்தாயிற்று, இந்தப் பக்கம் பாக்கி. புதிதாக வந்தவர்கள் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். மணி அடித்தது பெட்டிக்குத் தெரியும். உள்ளே எடுக்கக் கை இல்லை என்பது தெரியாது. அது பாட்டுக்கு லிஃப்ட்டுக்குள் பச்சை விளக்கைப் போட்டுவிடும்.

எடுத்த வரியைத் திரும்ப எழுதி, சர்வரை மறுபடி கிளப்பிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? ஸ்டாப்புல நின்னு நின்னு கால் போச்சு."

"நான் முந்தின ஸ்டாப்புலயே இறங்கிட்டேன். அந்தக் கண்டக்டருக்கு விசில் ஊதவே தெரியலடா, வாய்த் தகராறு ஆயிடுச்சு. பின்வாசல் வழியா வந்து உங்க லிஃப்ட்டுல ஏறினேன். நடுவுல நின்னுடுச்சு. போனுக்கும் டவர் கிடைக்கல."

தம்பி சுழல் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"பொத்தானை அமுக்கினேன். பச்சை லைட்டு எரிஞ்சுது, 'உதவி வந்துகொண்டிருக்கிறது'ன்னு. தம்பி கம்பெனி பொட்டியாச்சே, வந்துடுவாங்கன்னு நின்னேன். நின்னேன், நின்னேன். அப்புறம்தான், இது உன் வாயால கேட்டுப் பழகின பேச்சாச்சேன்னு தோணுச்சு."

"எப்படிண்ணே வெளிய வந்தீங்க?"

"விசில் ஊதினேன்."

அந்த விசிலுக்கு மூன்றாம் மாடியில் இருந்தவர்கள் சில்லறையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள் என்பது பிறகு தெரிந்தது. வாட்ச்மேன்தான் சாவியோடு ஓடிவந்து திறந்திருக்கிறார்.

"என்னமோ சொல்லணும்னீங்களே?"

"இனிமே என்ன. பஸ் ஏறிட்டேன். வைக்கிறேன்."

வைத்துவிட்டார்.

மானேஜர் கதவைத் திறந்தார். பலகையைப் பார்த்துத் தும்மினார். "என்னய்யா இது, பூரா சிவப்பு?"

"போனவங்க போயிட்டாங்க சார். அதைத்தான் காட்டுது."

"பச்சையாக்கு."

"என்னால முடியாது சார்."

மானேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், தும்மல்தான் வந்தது. தம்பி படி வழியாக இறங்கினான்.

கீழே வாட்ச்மேன் கூப்பிட்டார். "சார், உங்க அண்ணன் இதைக் குடுக்கச் சொன்னார்." விசில். "லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டா ஊதணுமாம். உங்க கம்பெனிய நம்ப வேணாம்னார்."

"வேற ஏதாவது சொன்னாரா?"

வாட்ச்மேன் அக்கம்பக்கம் பார்த்தார். "சொல்லக் கூடாதுன்னு சொன்னார் சார். பேத்தி பொறந்திருக்காம். மூக்கு அப்படியே உங்க மூக்காம். இதை நேர்லதான் சொல்லணும்னு வந்தாராம். நான் சொன்னதா காட்டிக்காதீங்க."

தம்பி ஸ்டாப்புக்குப் போனபோது அண்ணன் ஊர் பஸ் அப்போதுதான் போயிருந்தது. புழுதிகூட அடங்கவில்லை. விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றான். பழக்க தோஷத்தில் போனைக் கையில் எடுத்தான். 'இதோ கிளம்பிட்டேண்ணே' என்று சொல்ல வேண்டிய நேரம். சொல்லாமல் உள்ளே வைத்தான்.