ஓட்டை இல்லாத நிலவறை

கல்விச் சுற்றுலாவுக்குக் கடல் தாண்டிப் போன இடத்தில், கரை உடைத்த ஆறு எங்களுக்கு முன்பே ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டிருந்தது. “ரூம்ல உக்காந்து ஃபோன நோண்டுறதுக்கு, போய் சேறு அள்ளுங்க” என்றார் மேடம்.

எங்கள் பங்குக்கு வந்தது ஒரு சலவைக்கடையின் நிலவறை. கடைக்கார அம்மாவின் இயந்திரங்கள் மேலே தப்பித்துவிட்டன. மின்பெட்டி மட்டும் கீழே. சாயங்காலம் மின்காரர் வருவார். தரை காய்ந்திருந்தால் இணைப்பு. இல்லையென்றால் அடுத்த வாரம்தான். அதற்குள் கடையில் மலையாகக் குவிந்திருந்த தெருவாசிகளின் சேற்றுத் துணி மக்கிவிடும். அந்த அம்மாவின் பிழைப்பும்தான்.

மதியத்துக்குள் சேற்றை வழித்தெடுத்துவிட்டோம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“கழுவி விட்டா பளிச்சுனு ஆயிடும்டா” என்றான் குண்டூசி. எடையும் அவ்வளவுதான், மூளையும் அவ்வளவுதான். எனக்கு அது அபார யோசனையாகப் பட்டது என்பதிலிருந்து என் மூளையை அளந்துகொள்ளலாம். வீடு கழுவுவதென்றால் தண்ணீரை ஊற்றி, விளக்குமாற்றால் மூலை ஓட்டைக்குத் தள்ளுவதுதானே? தெருக்குழாயிலிருந்து ரப்பர் குழாயை இறக்கினோம். பாட்டுப் பாடிக்கொண்டே தள்ளினோம்.

“ஓட்டை எங்கடா?”

“அந்த மூலைல பாரு.”

நான்கு மூலையிலும் பார்த்தோம். ஓட்டையே இல்லை. அந்த ஊரார் தரையைத் துடைப்பவர்கள்; கழுவுபவர்கள் இல்லை. கணுக்கால் வரை தண்ணீர்.

படியில் வந்து நின்ற கடைக்கார அம்மா ஏதோ கேட்டார். மேடம் மொழிபெயர்க்கத் தயங்கினார்.

“சொல்லுங்க மேடம்.”

“‘நீங்க எங்க பக்கமா, ஆத்துப் பக்கமா’ன்னு கேக்கறாங்க.”

அதற்குப் பிறகு யாரும் பாடவில்லை. படி நெடுக வரிசையாக நின்று வாளி கைமாற்றினோம். உச்சிப் படியில் மேடம், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. வாளிக்கு எட்டாததை குப்பை முறத்தால் அள்ளினோம். ஈரம் மிச்சமிருந்தது.

“துண்ட எடுங்கடா!”

ரூமுக்கு ஓடி எடுத்துவந்த துண்டுகள், போர்வைகள், கடைசியில் நான் போட்டோவுக்கென்று பத்திரப்படுத்திய வெள்ளைச் சட்டை. மண்டியிட்டு ஒற்றினோம், பிழிந்தோம், மறுபடி ஒற்றினோம். கடைக்கார அம்மாவும் மண்டியிட்டார். குண்டூசி பிழிந்த துண்டை வாங்கி இன்னொரு வாளி பிழிந்து காட்டினார்.

மின்காரர் வந்தார். மூலைக்கு மூலை தரையில் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தார். கை காய்ந்திருந்தது. பெட்டியைத் திறந்து விசையைத் தூக்கிவிட்டார்.

மேலே ஓர் இயந்திரம் உறுமியது.

அந்த அம்மா போட்ட கூச்சலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. குண்டூசியை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு மேலே போய், தெருத்துணியை ஒதுக்கிவிட்டு எங்கள் துண்டுகளையும் என் சட்டையையும் இயந்திரத்துக்குள் திணித்தார்.

“மேடம், அவங்க தெருத்துணிய மொதல்ல போடச் சொல்லுங்க.”

“சொல்லிட்டேன். ‘கடை என்னோடது, வாய மூடு’ங்கறாங்க.”

வட்டக் கண்ணாடி முன்னால் கடைசி ஓவர் பார்ப்பதுபோல் நெருக்கியடித்து நின்றோம். முதல் தண்ணீர் கறுப்பு. அடுத்தது பழுப்பு. அதற்கடுத்த சுற்றில் என் சட்டைக் காலர் வெள்ளையாகப் பளிச்சிட்டபோது நாங்கள் அடித்த விசிலுக்குத் தெருவே ஜன்னலைத் திறந்தது.