ஐந்தாவது ஆள்

கணவர் பொனிபஸ் இறந்து இரண்டு மாதமாகியும் அன்னமலர் அவருடைய பேக்கரிக்குள் கால் வைக்கவில்லை. அங்கே விழுந்தவரை அவள் பார்த்தது ஆஸ்பத்திரியில்தான். 'கடையைப் பொடியள் பார்ப்பாங்கள், நீங்கள் இங்கை வாங்கோ அம்மா' என்று சிட்னியிலிருந்து மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவளும் ஓமென்றிருந்தாள்.

ஒரு விஷயம்தான் மனதை அரித்தது. கடையில் வேலை செய்யும் நால்வரும் வேலை விசாவில் வந்தவர்கள், அரசாங்கத்தின் இலவச மருத்துவமான மெடிகெயர் அவர்களுக்கு இல்லை. தனித்தனியாக மருத்துவக் காப்புறுதி எடுக்கச் சின்னக் கடையால் முடியாது. ஐந்து பேர் இருந்தால் குழுவாக எடுக்கலாம், கட்டணமும் குறைவு. மெடிகெயர் இருந்தும் பொனிபஸ் தன்னையும் சேர்த்து ஐந்தாக்கியிருந்தார். இப்போது நாலு பேர்தான்; குழு கலைந்தால் புதிதாக எடுக்கவேண்டும். புதிய காப்புறுதி பிள்ளைப்பேற்றுச் செலவை ஒரு வருடத்துக்குப் பிறகுதான் ஏற்கும். வேலையாள் டினேஷின் மனைவி ஜெனோஜாவுக்கு இது ஏழாம் மாதம்.

டினேஷ் வீட்டுக்கு வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தான்.

"அங்கிளின்ரை பேரை எடுக்காதேங்கோ அன்ரி. ஆருக்குத் தெரியப்போகுது?"

"இல்லாத மனுசனை வேலைக்கு வைச்சிருக்கச் சொல்லுறியோ? உயிரோடை இருக்கேக்கையே லீவு எடுக்காத மனுசன்."

அவன் சிரித்துவிட்டான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப விடுங்கோ. நாங்கள் எப்பிடியும் சமாளிப்பம்."

"என்னத்தைச் சமாளிப்பாய்? பிள்ளை கிரெடிட் கார்ட்டிலையோ பிறக்கப்போகுது?"

அவன் போனபிறகு அவள் காப்புறுதி நிறுவனத்துக்குப் போன் எடுத்து, பொனிபஸின் பெயரை நீக்கவேண்டும் என்றாள். பேசிய பெண் இனிமையாகத்தான் கேட்டாள்: பொனிபஸ் ஏன் விலகுகிறார்? ஓய்வு பெறுகிறாரா? வேறு வேலையா? மரண வீட்டிலும் பூசையிலும் மற்றவர்கள்தான் 'இறந்துவிட்டார்' என்ற சொல்லைச் சொன்னார்கள். அன்னமலர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இப்போது சொன்னாள். தன் வாயாலேயே அவரைக் கடையிலிருந்து அனுப்பிவிட்டதுபோல இருந்தது.

அந்தப் பெண் அனுதாபம் தெரிவித்தாள். பிறகு, அவருடைய இடத்துக்கு வேறு யாரும் வருகிறார்களா, உண்மையிலேயே அங்கு வேலை செய்பவராக இருக்கவேண்டும் என்றாள்.

சிட்னியில் மகன் ஒதுக்கி வைத்திருந்த அறையை அன்னமலர் ஒரு கணம் நினைத்தாள். பிறகு தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

மறுநாள் காலை கடைக்குள் நுழைந்தபோது வெக்கையும் ஈஸ்ட் மணமும் முகத்தில் அடித்தன. அவருடைய சட்டைகளில் எத்தனையோ வருடம் அவள் கழுவிய மணம். பொடியள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

"எவடத்திலை விழுந்தவர்?" என்று கேட்டாள்.

டினேஷ் தயங்கி, மா பிசையும் மேசையின் இடப்பக்கத்தைக் காட்டினான். இவ்வளவு நாளும் அந்த இடத்தை எல்லாரும் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள் என்பது அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

அன்னமலர் போய் அங்கே நின்றாள். கண்ணீர் வழிய வழியத் துடைக்காமல் சட்டைக் கையை மடித்தாள்.

"எனக்கு ஒண்டும் தெரியாது," என்றாள். "மாவைக் கொண்டா."