வலது பக்கத்துத் துடிப்பு

கண்ணாடிக் கடைக்காரரின் இதயம் அவருடைய மனைவியின் மார்பில், வலது பக்கமாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் அவரேதான், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு, ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில். கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை அறுத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் அவர். டாக்டர் அடைப்பை எடுத்துவிட்டு, படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கோபப்படக் கூடாது, சும்மா படுத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். படுத்துக்கிடக்கிறவருக்கு வேறு என்ன வேலை? தெருப்பக்க அறையில், தலையணையில் காதை அழுத்தித் தன் இதயம் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். இத்தனை வயதுவரை அப்படி ஒன்று உள்ளே ஓடுகிறது என்ற நினைப்பே இல்லாமல் இருந்த மனிதர், இப்போது ஒவ்வொரு அடிக்கும் பிறகு அடுத்த அடி வருமா என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்.

அன்று மனைவி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சத்தமும் கூடவே போனது. தண்ணீரும் மாத்திரையுமாகத் திரும்பி வந்தாள். சத்தமும் வந்தது. அவர் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். பூட்டிய கடை மாதிரி இருந்தது. மணிக்கட்டைப் பிடித்தார், கழுத்தைத் தடவினார், எங்கும் ஒன்றும் இல்லை. அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

“நான் செத்துட்டேனா?”

“செத்தவரு இப்படியா கத்துவாரு? கொஞ்சம் வாய மூடுங்க, கேக்க விடுங்க.”

அவர் மார்பில் காதை வைத்தவள் வெகு நேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது அவள் முகத்தில் ரத்தம் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு, எதையோ தொடப் பயந்தவள் போலத் தன் வலது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“என்னங்க, இங்க ரெண்டு அடிக்குது.”

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மாற்றினார், மெஷினை மாற்றினார், கடைசியில் அறையை மாற்றினார். அவருக்கு நேர்கோடும் அவளுக்கு ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அலைகளும் வந்தன. டாக்டர் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இதற்குத் தான் படித்த புத்தகத்தில் இடமில்லை, மாத்திரையை யார் விழுங்குவது என்பதை மட்டும் முடிவு செய்யலாம் என்றார். அவர் விழுங்கினால் அவளுக்குள் இருந்தது சீரானது. அவள் விழுங்கினால் அவளுக்கு வாந்தி வந்தது. ஆகவே அவரே விழுங்கினார். “உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?” என்று டாக்டர் அவளிடம் கேட்டதற்கு, “அவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்” என்று இவர் பதில் சொன்னார். அவருடைய அக்கா சேதி கேட்டு ஓடிவந்து, “இத்தனை வருஷம் எங்க தம்பி மனசத்தான் கைக்குள்ள வச்சிருந்தா, இப்ப பொருளையே எடுத்துக்கிட்டா” என்று தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். தெரு சில நாள் வாயைப் பிளந்தது. பிறகு தண்ணீர்க் குழாய் உடைந்ததில் அந்தப் பேச்சு அடங்கியது.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்த்தாள். அதிக நாள் லீவு எடுக்க முடியாது. அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, அங்கே துடிப்பு எகிறியது வீட்டில் படுத்திருந்தவருக்குத் தெரிந்து, தூக்கிவாரிப்போட்டுப் போன் செய்தார்: “இப்ப என்ன ஆச்சு?” “ஒண்ணுமில்ல, குறுக்க ஒரு லாரி.” சற்று நேரத்தில் மறுபடியும். “இது என்ன?” “பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டர மிதிச்சுட்டான், பாவி.” அவள் வேலை என்பது பக்கத்து இருக்கையில் கைகட்டி உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பதுதான் என்று அவர் கல்யாணமான நாளிலிருந்து நம்பியிருந்தார். கட்டிலில் கிடந்தபடியே அந்த ஊர்ச் சாலைகளின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவருக்கு வியர்த்தது. சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அவரும் அவளோடு சேர்ந்து களைத்துப்போயிருந்தார்.

ஆனால் தினமும் மதியம் ஒரு பொழுது மட்டும் அந்தத் துடிப்பு அடங்கி, மெதுவாகி, அவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்கிவிடுவார். வாழ்நாளில் அப்படித் தூங்கியதில்லை. ஒரு நாள் சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பற்றிக் கேட்டேவிட்டார்.

“மத்தியானம் நீ எங்க போற?”

“ஏன்?”

“அப்பத்தான் எனக்கு உயிரே வருது. நெஞ்சு அப்படியே லேசாயிடுது. எங்கயோ நல்ல இடம்போல. ஒரு நாள் நானும் வரேனே.”

ஒரு கால் செருப்போடு அவள் நின்றுவிட்டாள். அவர் இதயம் அவளுக்குள் ஓட ஆரம்பித்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“டயர் கடை மாடியில ஒரு ரூம் எடுத்திருக்கேன். உங்களுக்கு முடியாம போறதுக்கு முந்துன வாரமே எடுத்துட்டேன்.”

“எதுக்கு ரூம்?”

“தனியா இருக்க. உங்கள விட்டுப் போயிடலாம்னு.”

இந்த அதிர்ச்சியில் நெஞ்சு வெடித்துவிடும் என்று அவர் கண்ணை இறுக்கி மூடினார். வெடிக்கவில்லை. பல வருஷமாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லி முடித்த கணத்தில் அவளுடையது அடங்கியது. அதை ஒட்டியிருந்த இவருடையதும் அடங்கியது. வாழ்க்கையிலேயே மோசமான சேதியைக் கேட்டுக் கண்ணில் நீர் வழிந்தது, இதயம் மட்டும் மதியத் தூக்கத்தில் இருப்பதுபோல நிதானமாக அடித்தது. துணைக்கு இதயம் இல்லாமல் எப்படிக் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் கேட்டார்:

“நான் என்ன செஞ்சேன்?”

“என்கிட்ட யாரு எது கேட்டாலும் நீங்கதான் பதில் சொல்றீங்க. நான் சாப்பிட்டேனா, எனக்குப் பிடிச்சிருக்கா, எனக்கு உடம்பு எப்படி இருக்கு, எல்லாத்துக்கும். என் குரல் எனக்கே மறந்துபோச்சுங்க.”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவள் பேசினாள். சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினாள். வேலைக்குத் திரும்பிய முதல் மதியம் ரூமைக் காலி செய்யத்தான் போனதாகவும், அங்கே வெறுந்தரையில் உட்கார்ந்தபோது சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை என்றும், இப்போது நிரந்தரமாகப் போனால் அவர் செத்துவிடுவாரோ என்று பயமாக இருப்பதாகவும் சொன்னாள்.

அவர் ஆறிப்போன தட்டைத் தள்ளி வைத்தார்.

“டிரைவிங் ஸ்கூல் வரைக்கும் போறப்ப சாகலையே,” என்றார். “டயர் கடை அதைவிடக் கிட்டத்தானே.”

அவர் கடை திறக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு அவள் போனாள். அக்கா மட்டும் வாசலை மறித்துக்கொண்டு, போகிறவள் தம்பியின் இதயத்தை வைத்துவிட்டுப் போகட்டும் என்றாள். “எப்படி அண்ணி, கழட்டி அலமாரியில வைக்கவா?” என்று கேட்டுவிட்டு அவள் பெட்டியைக் காரில் ஏற்றினாள். தூக்கி வைக்க ஓடிவந்தவர், கனம் தூக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து கதவை மட்டும் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அவரே சமைக்கக் கற்றுக்கொண்டார், கேவலமாக. விடுமுறைகளில் அவள் வந்தாள், சில சமயம் வரவில்லை. வந்தபோது அவர் ஒன்று கேட்பார், பதில் வரும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு அவருக்குக் கண்ணாடி அறுப்பதைவிடக் கடினமாக இருந்தது. வருஷங்கள் போயின. அவர் இதயம் அவளிடமே இருந்தது, நன்றாகவும் இருந்தது.

பழைய டாக்டர் ஓய்வு பெற்ற வருஷம், புதிதாக வந்த டாக்டரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, முகம் வெளுத்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். ஊசி தயார் செய்துகொண்டிருந்த நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அவருக்கு அங்க பாக்கக் கூடாது டாக்டர். அந்தம்மா கீழ வண்டி நிறுத்த இடம் தேடிட்டிருக்காங்க. இப்ப வந்துருவாங்க, உக்காருங்க.”