மாட்டைக் கூப்பிடும் குரல்

ஆகஸ்ட் பிறந்தால் அமெரிக்காவின் விஸ்கான்சின் பத்திரிகைக்காரர்களுக்குக் கை அரிக்கும். பந்தைக் கையால் எறிந்து ஆடும் அவர்கள் ஊர்க் கால்பந்து சீசன் தொடங்கவே இல்லை, அதற்குள் எந்தக் கல்லூரி தேறும், எது தேறாது என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். ஆஷ்பி கல்லூரிக்கு இந்த வருடம் கிடைத்த ஆசீர்வாதம் இது: பந்தெறியும் டிரூ கெட்டிக்காரன்; அவனைக் காக்க முன்னால் நிற்கும் ஐந்து பேர்தான் ஓட்டைச் சுவர்.

அந்த ஐவரின் நடுவில் நிற்பவன் லைல் பிரெக்கி. எதிரணி நிற்கும் தினுசைப் பார்த்து, யார் யாரைத் தடுப்பது என்று மற்ற நால்வருக்கும் கத்திச் சொல்லிவிட்டு, காலிடுக்கு வழியாகப் பந்தை டிரூவிடம் தருவது அவன் வேலை. மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்து வாங்கிய இடம். அதன்மேல் அவனுக்கு உயிர். ஆள் நூற்று நாற்பது கிலோ. குரலோ, நூலகத்தில் பேனா கடன் கேட்கிற குரல்.

பயிற்சியின்போது கோச் ஸ்டானெக் ரசிகர் கூச்சலைப் பெரிய ஸ்பீக்கர்களில் அலறவிடுவார். லைல் வாயைத் திறப்பான்; பக்கத்தில் நிற்கும் மார்க்கெலுக்கே கேட்காது. ஆளுக்கொரு பக்கம் பாய்வார்கள். பயிற்சியில் டிரூவை யாரும் அடித்து வீழ்த்தக் கூடாது. அதனால் எதிராளி ஒருவன் அவன் பக்கத்தில் வந்துவிட்டாலே கோச் விசில் ஊதி, “டிரூ செத்தான்!” என்பார். வெள்ளிக்கிழமை மட்டும் டிரூ பலமுறை செத்தான்.

“டேய் லைல், நீ ஆளுங்களுக்குச் சொல்றியா, இல்ல ஜெபம் பண்றியா?” என்றார் கோச். “திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பவும் கேக்கலைன்னா உன் இடத்துல புதுப் பையன்தான்.”

பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பால் கறக்கும் கொட்டகையில் வளர்ந்தவன். அங்கே சத்தம் போட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். ‘மெதுவா, மெதுவா’ என்று கேட்டே வளர்ந்த வாய் ஒரே நாளில் திறந்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை லைலின் அப்பா கார்டன் ஐந்து பேரையும் பண்ணைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வெண்ணெய் தடவிய சோளமும் சாசேஜும் வைக்க வைக்கக் காணாமல் போயின. அவர் இரண்டாம் முறை அடுப்பு மூட்டினார். லைல் மட்டும் ஒரு கதிரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். நாளைக்கு இந்நேரம் தன் இடம் போயிருக்கும் என்ற நினைப்பில் அவனுக்குச் சோளம் இறங்கவில்லை.

“கறக்கற நேரமாச்சு. மாட்டைக் கூப்பிடுடா,” என்றார் கார்டன்.

மாடுகள் குன்றுக்கு அந்தப்பக்கம் மேய்ந்துகொண்டிருந்தன. லைல் வேலியோரம் போய் நின்றான்.

“வாங்கடீ... வா வா வா... வாங்கடீஈஈ!”

மார்க்கெலின் கையிலிருந்த சாசேஜ் கீழே விழுந்தது. குன்றின் மேல் ஒரு தலை தெரிந்தது, பின்னாலேயே மந்தை முழுக்க இறங்கி வந்தது.

“அடப்பாவி! இதை வச்சுக்கிட்டா இத்தனை நாளா எங்ககிட்ட முணுமுணுத்த?” என்றான் மார்க்கெல்.

லைலின் முகம் சிவந்துவிட்டது. “அது மாட்டுக்குடா. மனுஷங்களைப் போய் எப்படி அப்படிக் கூப்பிடறது?”

“எங்களைப் பாத்தா மனுஷங்க மாதிரியா இருக்கு? சார், நீங்களே சொல்லுங்க, உங்க மாட்டை விட நான் கம்மியாவா சாப்பிட்டேன்?”

கார்டன் காலித் தட்டுகளைப் பார்த்தார். “மாடு இவ்வளவு திங்காதுப்பா,” என்றார்.

திங்கட்கிழமை ஸ்பீக்கர் அலறியது. புதுப் பையன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். லைல் குனிந்து பந்தைப் பிடித்தான். சொல்ல வேண்டியது தெரிந்தது. வெளியே வந்தது வழக்கமான முணுமுணுப்புதான். கோச்சின் கை விசிலுக்குப் போவதை ஓரக்கண்ணால் பார்த்தான்.

காதருகே மார்க்கெல், “ம்ம்மா...” என்றான். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு “ம்ம்மா” வந்தது.

லைலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்போடு குரலும் வெளியே வந்தது.

“இடதுஉஉ! எல்லாரும் இடதுஉஉ!”

நால்வரும் ஒன்றாக இடது பக்கம் நகர்ந்தார்கள். டிரூ ஆற அமரப் பந்தை எறிந்தான். கோச் ஸ்பீக்கர் சத்தத்தை முழுக்கக் கூட்டினார். லைல் மறுபடி கத்தினான். சுவர் மறுபடி நகர்ந்தது.

கோச் பக்கத்தில் வந்தார். “எங்கடா ஒளிச்சு வச்சிருந்த இதை?”

“மேய்ச்சக்காட்டுல, கோச்.”

கோச் சிரிக்கவில்லை. புதுப் பையனைப் பார்த்து, “ஹெல்மெட்டைக் கழட்டு, வேர்க்கும்,” என்றார்.

பத்திரிகைகள் என்னவோ இன்னமும் ஓட்டைச் சுவர் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தன. எழுதட்டும். அன்று மாலை வரை டிரூ ஒரு தடவைகூடச் சாகவில்லை.