கத்தி வைப்பதற்கு முந்தின நாள்

ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிய காகிதத்தில் ஆறாவது வரி, ‘சிலருக்குக் குரல் மாறலாம்’ என்றது. கழுத்தில் இருந்த கட்டியை எடுப்பதற்கான ஒப்புதல் அது. பாட்டு டீச்சர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பதினெட்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள். குரல் போனால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

விஷயம் தெரிந்ததும் நாத்தனார் போன் செய்தாள். “நாளைக்கு ஆபரேஷன்னா இன்னைக்கே வாங்க அண்ணி. ஒரு பாட்டு எடுத்துடலாம்.”

நாத்தனார் விளம்பரங்களுக்கும் படங்களுக்கும் பின்னணிக் குரல் கொடுப்பவள். படுக்கையறை மூலையில்தான் அவளுடைய ஸ்டுடியோ. துணி அடைத்த அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, அதன் எதிரே மைக். பாடுகிறவரின் முதுகுப் பக்கம் இரண்டு கம்பளிகள் தொங்கின. ஃபேனை நிறுத்தினாள். சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு வந்தாள்.

“மைக்குக்கு ஒன்றரை சாண் தள்ளி நில்லுங்க. நேரா ஊதாதீங்க, முகத்தைக் கொஞ்சம் சாய்ச்சுப் பாடுங்க. இல்லேன்னா ‘ப’ வர்ற இடமெல்லாம் பட்டாசு வெடிக்கும்.”

டீச்சர் ஹெட்போனை மாட்டினாள். தன் மூச்சு புயல் மாதிரிக் கேட்டது. எச்சிலை விழுங்கினாள். காதுக்குள் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம்.

“கேட்டியா? கட்டிதான் சத்தம் போடுது!”

நாத்தனார் மைக்கைத் தன் பக்கம் திருப்பி, தானும் விழுங்கிக் காட்டினாள். அதே ‘க்ளிக்’. “எனக்கும்தான் வருது. ஒரு மடக்கு தண்ணி குடிச்சுட்டு ஆரம்பிங்க.”

முதல் தடவை இரண்டாவது வரியிலேயே குரல் உடைந்தது. இரண்டாவது தடவை முழுசாகப் பாடினாள். ஆனால் திரும்பப் போட்டுக் கேட்டபோது கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது.

“பின்னாடி பின்னாடி போறீங்க அண்ணி. மைக் என்ன கடிக்கவா போகுது?” என்று நாத்தனார் தரையில் டேப் ஒட்டிக் கோடு போட்டாள். மூன்றாவது தடவை உச்சத்துக்குப் போகும் இடத்தில் சத்தமே வரவில்லை. டீச்சர் ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள்.

“இதுதான் என் கடைசிப் பாட்டுன்னு நினைச்சுத்தானே பாட வைக்கிற?”

நாத்தனார் மறுப்பாள் என்று எதிர்பார்த்தாள். நாத்தனாரோ நாற்காலியை விட்டு எழாமல், “ஆமா. எனக்கும் கை நடுங்குது, பாருங்க” என்று விரல்களை நீட்டினாள். நடுங்கத்தான் செய்தன. “அதுக்காகத்தான் அரைகுறையா எடுக்க மாட்டேங்கிறேன்.”

டீச்சர் அந்த விரல்களைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். பிறகு ஹெட்போனை எடுத்து, ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு, கோட்டில் நின்றாள். பயம் போகவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஆனாலும் கடைசி வரைக்கும் பாடி முடித்தாள். நடுவில் ஓரிடத்தில் நடுக்கம் கேட்டது. “இது இருக்கட்டும்” என்று நாத்தனார் அதை அப்படியே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, “பேர் சொல்லுங்கம்மா” என்றாள் நர்ஸ். டீச்சர் மணிக்கட்டில் கட்டியிருந்த சீட்டைக் காட்டினாள். “தாராளமா பேசலாம்” என்றார் டாக்டர். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து, ஒன்றும் வராவிட்டால்? திறக்காதவரை குரல் இருக்கிறது என்றாவது நினைத்துக்கொள்ளலாமே.

இரண்டு நாள் எல்லாவற்றையும் எழுதியே காட்டினாள். மூன்றாம் நாள் காலை அவள் அவசரமாகக் கிறுக்கி நீட்டிய சீட்டைப் பார்த்த கணவர் பதறிப்போனார்.

“கண்ணீரா? ஏம்மா, எங்க வலிக்குது? டாக்டரைக் கூப்பிடவா?”

அவள் சீட்டைத் தட்டிக் காட்டினாள். அவர் இன்னும் கிட்டத்தில் வைத்துப் படித்துவிட்டு, “அழாதம்மா, எல்லாம் சரியாகிடும்” என்று தேம்ப ஆரம்பித்தார்.

“தண்ணிங்க! தண்ணி!”

அவர் தேம்பலை நிறுத்தினார். கரகரவென்று, அடித்தொண்டையிலிருந்து வந்த குரல். ஆனாலும் அவளுடையதுதான்.

உச்ச ஸ்வரம் திரும்ப மாதக்கணக்கு ஆகலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். ஆனால் அன்று சாயங்காலம், கணவர் மாத்திரை வாங்கப் போயிருந்த நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, மெதுவாக ‘ஸ’ பிடித்துப் பார்த்தாள்.